வைத்தியம் கற்பவனுக்கு ஆன்மிகம் கற்பிக்கலாமா?

உத்ஸவ காலத்தில் கோபுர வாயிலருகே சற்று ஒதுங்கி நின்று, உள்ளே செல்லும் அன்பர்களைக் கவனித்ததுண்டா? துளசிமாலையும் தேங்காயும் இருக்கும் மஞ்சள் பையிலேயே மருந்துச் சீட்டுக் கட்டும் எக்ஸ்ரே படத்தின் உறையும் எட்டிப் பார்க்கும். நேற்று மாலை மருத்துவமனையில் பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தவர், இன்று காலை எம்பெருமானின் ஸந்நிதி வரிசையில் காத்து நிற்கிறார். திருவள்ளூரில் வைத்திய வீரராகவன் என்ற திருநாமத்துடனேயே எழுந்தருளியிருக்கும் பெருமானை நாடி, நோய் கரைய வேண்டுமென்று திருக்குளத்தில் வெல்லம் கரைக்கும் அன்பர்களை அறியாதார் யார்?

நோயுற்றவர் இவ்விரு வாயில்களிலும் நிற்கிறார் என்பது நமக்குத் தெரியும். முதல் வாயிலில் அமர்ந்திருக்கும் மருத்துவருக்கு அது தெரியுமா? தெரிந்துகொள்வது அவர் கடமையைச் சேர்ந்ததா? உடற்கூறும் மருந்தியலும் போதிக்கும் கல்லூரியில், நோயாளியின் நம்பிக்கை, வழிபாடு, மரணத்தைக் குறித்த எண்ணம் ஆகியவற்றையும் மாணவனுக்குப் பாடமாகச் சொல்ல வேண்டுமா? ‘ஆம்’ என்று உடனே சொல்லிவிட ஆஸ்திகர்களாகிய நமக்கு நாவெழும். அடியேனுக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. எதைக் கற்பிப்பது என்று எண்ணிப் பார்க்கப் புகுந்தபோதுதான், இது நாம் நினைத்த அளவு எளிய காரியம் அன்று என்பது விளங்கியது.

எண்ணிப் பார்க்கச் செய்த நிகழ்ச்சியை முதலில் விண்ணப்பித்துக் கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அடியேனுடைய அத்தை, எழுபத்தெட்டு வயதினள், கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஒரு நகரத்து மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை செய்தாக வேண்டும், தாமதித்தால் படுக்கையிலேயே மார்புச்சளியும் படுக்கைப்புண்ணும் கண்டு ஆபத்தாகும் என்றார்கள். அத்தை சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டாள். காரணம் கேட்டால் சொல்லவில்லை. ரவுண்ட்ஸ் வந்த பெரிய மருத்துவர் தலைமாட்டில் இருந்த தீர்த்தச் செம்பையும், நெற்றியில் இருந்த ஸ்ரீசூர்ணத்தையும் பார்த்தார். “இதையெல்லாம் நம்பிக்கொண்டு ஆபரேஷன் வேண்டாம் என்கிறீர்களா?” என்று உரத்த குரலில் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அத்தை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் இவ்வாறு கழிந்தது. மேலே நடந்ததைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வைத்தியக் கல்வியில் ஆன்மிகத்துக்கு இடம் உண்டா என்ற கேள்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. சரக ஸம்ஹிதை சிகிச்சையை மூன்றாகப் பிரிக்கிறது. மந்திரம், நியமம், பிரார்த்தனை முதலியவற்றைக் கொண்டது தைவவ்யபாச்ரயம். உணவையும் மருந்தையும் யுக்தியால் ஆராய்ந்து கொடுப்பது யுக்திவ்யபாச்ரயம். மனத்தைக் கேடான விஷயங்களிலிருந்து மீட்பது ஸத்வாவஜயம். வைத்தியம் கற்கும் மாணவன் இம்மூன்றையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. எனினும் அதே நூல், காய்ச்சலுக்கும் பேதிக்கும் பக்கம் பக்கமாக மருந்து சொல்கிறதேயன்றி, மூன்றில் ஒன்றைக் கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடவில்லை.

மேனாட்டு மருத்துவம் வளர்ந்த விதம் வேறு. நுண்ணோக்கியும் இரசாயனமும் மருத்துவத்தின் கண்ணும் கையும் ஆனபின், நோயாளியின் நம்பிக்கையைப் பற்றிய பேச்சு வகுப்பறையிலிருந்து மெல்ல வெளியேறியது. அது மீண்டும் உள்ளே வந்தது மரணப்படுக்கையின் வழியாக என்பது சிந்திக்கத்தக்கது. லண்டனில் 1967ஆம் ஆண்டு புனித கிறிஸ்டபர் ஹாஸ்பிஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்ற அம்மையார், முதலில் நர்ஸாகவும், பின்பு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், அதன்பின் மருத்துவராகவும் பயின்றவர். இறக்கும் நிலையில் உள்ள புற்றுநோயாளியின் வலி உடலோடு மட்டும் நிற்பதில்லை, அது மனத்தின் வலி, குடும்பத்தைப் பற்றிய வலி, ‘எனக்கு ஏன் இது?’ என்னும் ஆன்மாவின் வலி எல்லாம் சேர்ந்த ‘முழு வலி’ என்று அவர் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், மார்ஃபினை நேரம் தவறாமல் முறையாகக் கொடுக்கவும் கற்பித்தார். உடல்வலியைத் தீர்க்காமல் ஆன்மாவைப் பற்றிப் பேசுவது வெறும் வாய்ப்பந்தல் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1984ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை, எல்லோருக்கும் நல்வாழ்வு என்னும் திட்டத்தில் ஆன்மிகப் பரிமாணத்துக்கும் இடம் உண்டென்று தீர்மானம் செய்தது. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டு, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் கிறிஸ்டினா புகால்ஸ்கி என்ற மருத்துவர் இதனை ஒரு விருப்பப் பாடமாகத் தொடங்கினார். 1999ஆம் ஆண்டு அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே, மாணவன் இவ்விஷயத்தில் எதை அறிந்திருக்க வேண்டும் என்று ஓர் அறிக்கையில் வகுத்துக் கூறியது. 2010ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கெடுப்பில், விடையளித்த அமெரிக்க மருத்துவப் பள்ளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு, ஏதோ ஒரு வடிவில் இதனைக் கற்பிப்பதாகக் கூறின. இதற்கென்றே கட்டாயமான தனிப்பாடம் வைத்தவை நூற்றுக்கு ஏழுதான். ஆகவே பெரும்பாலான இடங்களில் இது வேறு பாடங்களின் நடுவே ஓரிரு மணி நேரமாக வந்து போகிறது.

அவ்வோரிரு மணி நேரத்தில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் நோயாளியிடம் கேட்க வேண்டிய சில கேள்விகளை. புகால்ஸ்கி அம்மையார் வகுத்த முறையில் அவை நான்கு. துன்பத்தில் உங்களைத் தாங்குவது எது, ஏதேனும் நம்பிக்கை உண்டா? சிகிச்சையைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவுகளில் அதற்கு எவ்வளவு இடம் உண்டு? உங்களுக்குத் துணை நிற்கும் கூட்டம், குடும்பம், கோயில், சத்சங்கம் என்று ஏதேனும் உண்டா? இவை குறித்து நாங்கள் என்ன செய்ய வேண்டுமென்று விரும்புகிறீர்கள்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு மருத்துவர் தாமே உபதேசம் செய்யப் புகுதல் கூடாது. அந்நாட்டு மருத்துவமனைகளில் நோயாளிகளின் சமயத் தேவைகளைக் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் பணியில் இருப்பார்கள். அவர்களிடமோ, நோயாளி விரும்பும் பெரியவரிடமோ செய்தியைச் சேர்ப்பிப்பதோடு மருத்துவரின் பங்கு முடிகிறது.

இவ்வளவில் நின்றிருந்தால் சண்டைக்கு இடமில்லை. ஆனால் ஒரு சாரார் மேலும் ஒரு படி சென்று, வழிபாட்டுக்குப் போகிறவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், பிரார்த்தனை செய்பவர்களுக்கு இரத்த அழுத்தம் குறைகிறது, ஆகையால் மருத்துவர் பக்தியையும் ஒரு மருந்தாகச் சிபாரிசு செய்யலாம் என்று பேசத் தலைப்பட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்லோன் என்பவர் 1999ஆம் ஆண்டு முதல் இதனை வன்மையாக மறுத்து எழுதினார். அந்த ஆராய்ச்சிகள் பல உறுதியற்றவை என்பது அவருடைய ஒரு வாதம். கோயிலுக்குப் போகிறவர் என்றால் எழுந்து நடக்கும் தெம்புள்ளவர், நடக்கமுடியாதவர் வீட்டில் கிடக்கிறார், பின் யார் அதிக நாள் வாழ்வார் என்பதில் வியப்பென்ன? திருமணம் செய்துகொண்டவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்றும் கணக்கு உண்டு, அதற்காக எந்த மருத்துவராவது ‘கல்யாணம் செய்துகொள்’ என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறாரா என்றும் அவர் கேட்டார். அவரை நாஸ்திகர் என்று ஒதுக்கிவிட நம்மில் சிலருக்குத் தோன்றலாம். அடியேனுக்கோ, அவருடைய கேள்வியில் நம் ஆசார்யர்களின் குரலில் ஒரு பகுதி கேட்கிறது.

அஃது எங்ஙனம் என்பதைச் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டு ஹெர்பர்ட் பென்ஸன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு பெரிய பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். ஆறு மருத்துவமனைகளில் இருதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் இரண்டு பிரிவினரிடம், ‘உங்களுக்காகப் பிரார்த்தனை செய்யப்படலாம், செய்யப்படாமலும் இருக்கலாம்’ என்று சொல்லி, ஒரு பிரிவுக்கு மட்டும் பிரார்த்தனை செய்வித்தார்கள். மூன்றாம் பிரிவினரிடம் ‘உங்களுக்காக நிச்சயம் பிரார்த்தனை நடக்கிறது’ என்று சொல்லியே செய்வித்தார்கள். அறுவைக்குப் பின் சிக்கல் கண்டவர்கள், பிரார்த்தனை நடந்த முதற்பிரிவில் நூற்றுக்கு 52, நடவாத பிரிவில் 51. நிச்சயமாக நடக்கிறது என்று அறிந்த பிரிவிலோ 59! ‘நமக்காகப் பிரார்த்தனை செய்யும் அளவுக்கு நம் நிலைமை மோசமோ?’ என்று அவர்கள் கலங்கியிருக்கக் கூடும் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள்.

இம்முடிவைக் கண்டு பக்தர்கள் வருந்தவும் வேண்டா, நாஸ்திகர்கள் மகிழவும் வேண்டா. எம்பெருமானைத் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, ‘அருளினால் இத்தனை சதவீதம் காட்டுக’ என்று கேட்பது நம் ஸம்பிரதாயத்துக்கு ஒவ்வாத செயல். அவன் ஸ்வதந்திரன். அவனிடம் அவனையே வேண்டாமல் வேறொன்றை வேண்டுதலைப் பிரயோஜனாந்தரம் என்று பூர்வாசார்யர்கள் குறித்தார்கள். அவ்வாறு வேண்டுவோரையும் அவன் வெறுப்பதில்லை, உதாரன் என்றே கொண்டாடுகிறான் என்பது உண்மையே. ஆயினும் பக்தியின் பயன் இரத்த அழுத்தம் குறைவது என்று வகுப்பறையில் கரும்பலகையில் எழுதுவது, பாலாழியைக் கடைந்து அமுதத்தை விட்டுவிட்டு மத்தைக் கழுவிய நீரை வீட்டுக்குக் கொண்டுவருவது போலாகும்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. நம்பிக்கை உள்ளவன் பிழைப்பான் என்று மருத்துவர் வாயால் சொன்னால், பிழைக்காதவனுடைய நம்பிக்கை குறைவு என்று தானே பொருள்படும்? நோயின் சுமையோடு குற்றவுணர்ச்சியின் சுமையையும் அவன் தலையில் ஏற்றுவதன்றோ அது? ‘ஒழுங்காகப் பெருமாளை ஸேவித்திருந்தால் இந்த வியாதி வந்திருக்குமா?’ என்று நம் உறவினர்களே நோயாளியின் காதுபடச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அந்தக் கொடுமைக்கு மருத்துவப் பட்டமும் சேர்ந்துகொள்ள வேண்டுமா?

குருபரம்பரையை நோக்குங்கள். மேல்புத்தூர் நாராயண பட்டத்திரி குருவாயூரப்பன் ஸந்நிதியில் நாராயணீயத்தை 1586ஆம் ஆண்டு பாடி முடித்து வாதநோய் நீங்கப்பெற்றார் என்பது பிரஸித்தம். ஆனால் கூரத்தாழ்வான்? எம்பெருமானாருக்காகத் தாம் அரசவைக்குச் சென்று கண்களை இழந்த அந்த மஹான், பின்னாளில் காஞ்சியில் பேரருளாளன் திருமுன்பே நின்றபோது, கண்ணை வேண்டிக்கொள்ளும்படி எம்பெருமானாரே நியமித்திருந்தும், தம் கண் போவதற்குக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தமக்குக் கிடைக்கும் பேறே கிடைக்கவேண்டும் என்று வேண்டினார். மாறநேர் நம்பியோ, தம் ஆசார்யரான ஆளவந்தாருடைய ராஜபிளவை நோயைப் பிரஸாதமாகக் கேட்டுத் தம் உடலில் ஏற்றுக்கொண்டார். பட்டத்திரியின் நோய் தீர்ந்தது, ஆழ்வான் கண்ணைக் கேட்கவில்லை, நம்பி நோயைக் கேட்டு வாங்கினார். இவர்களில் யாருடைய பக்தி குறைந்தது என்று எந்தக் கணக்கெடுப்பு சொல்லும்?

இவ்வாறாயின் மருத்துவப் பள்ளியில் இவ்விஷயமே வேண்டா என்று விட்டுவிடலாமா என்ற சங்கை எழும். விட்டுவிடலாகாது. காரணம் மிக எளிது. நோயாளியின் நம்பிக்கையை அறியாத மருத்துவரால் அவருடைய உடலையே சரியாகக் கவனிக்க முடிவதில்லை.

ஏகாதசியை எடுத்துக்கொள்வோம். இவ்வுத்ஸவத்துக்கு வந்திருக்கும் அன்பர்களில் நீரிழிவு உள்ளவர்கள் பலர் இருப்பீர்கள். இன்ஸுலின் ஊசியையோ, உடலில் இன்ஸுலினை அதிகம் சுரக்கச் செய்யும் மாத்திரையையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு, துவாதசிப் பாரணை வரை உபவாஸம் இருந்தால் என்ன ஆகும்? நள்ளிரவில் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், சில சமயம் நினைவே தப்பிவிடும். பாகவதர் பஜனையில் பரவசமானார் என்று அருகிலிருப்போர் எண்ணிக்கொண்டிருக்க, அவருடைய இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். “விரதம் இருப்பதுண்டா, எந்த நாட்களில், நிர்ஜலமா, பழம் பால் உண்டா?” என்று மருத்துவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மருந்தின் அளவை அன்றைக்கு மாற்றிக் கொடுத்திருப்பார், அல்லது ‘உமக்கு உபவாஸம் தகாது’ என்று காரணத்தோடு சொல்லியிருப்பார். நோயாளியோ தாமாகச் சொல்லமாட்டார். சொன்னால் திட்டுவாரே என்ற பயம்! ரமலான் நோன்பு இருக்கும் முஸ்லிம் அன்பருக்கும் இதே நிலைதான்.

கூட்டுக்குள் அடைத்த மருந்தின் மேலுறை பெரும்பாலும் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனது என்று யாரோ சொல்லக் கேட்டு, மருந்தை ஜன்னல் வழியே போட்டுவிட்டு ‘சாப்பிட்டேன்’ என்று சாதித்த ஒரு மாமியை அடியேன் அறிவேன். மருந்து பலிக்கவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்! இரண்டு பேருமே கெட்டவர்கள் அல்லர். கேட்கும் பழக்கம் ஒருவருக்கு இல்லை, சொல்லும் துணிவு மற்றவருக்கு இல்லை.

ஆகவே கற்பிக்க வேண்டியது பக்தியை அன்று, கேட்கும் முறையை. கேட்டபின் வாய்மூடி இருக்கும் முறையையும்தான், பின்னது கற்பிக்கக் கடினமானது. கேள்வியும் எல்லோருக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். தெய்வ நம்பிக்கை இல்லாதவருக்கும் மரணத்தருவாயில் தாங்குகோல் ஒன்று உண்டு. அது அவருடைய பேத்தியாக இருக்கலாம், அவர் பாடுபட்ட ஒரு சங்கமாக இருக்கலாம். ‘நீங்கள் எந்த மதம்?’ என்று கேட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார். ‘உங்களுக்குத் தெம்பு தருவது எது?’ என்று கேட்டால் பேசுவார். மருத்துவர் தம் சமயத்தைப் படுக்கையில் கிடப்பவன்மேல் திணிப்பது தகாது என்று நாம் பிறருக்குச் சொல்லும்போது, அது நமக்கும் சேர்த்துச் சொல்லப்படுவதே என்பதை மறத்தல் ஆகாது.

நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டு எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டபோது, நோயாளியிடம் பேசும் முறை, அறநெறி, துயரச் செய்தியைச் சொல்லும் விதம் ஆகியவை முறையான பாடங்களாக இடம்பெற்றன. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் பொதுமக்களின் காதுக்கு எட்டியது அதுவன்று. 2022ஆம் ஆண்டு மதுரை மருத்துவக் கல்லூரியில் புது மாணவர்கள் வழக்கமான ஹிப்பாக்ரடீஸ் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகர் பெயரால் அமைந்த உறுதிமொழியை எடுத்துக்கொண்டதும், கல்லூரி முதல்வர் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டுச் சில நாட்களில் திரும்ப அமர்த்தப்பட்டதும்தான் செய்தியாயின. எந்த உறுதிமொழி என்ற வழக்கில் அடியேன் நுழைய விரும்பவில்லை. சரகரின் நூல் மாணவனுக்கு இடும் கட்டளைகளில் ஒன்று, நோயாளியின் வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லாதே என்பது. இன்னொன்று, ஆயுள் முடிவதை அறிந்தாலும், சொன்னால் நோயாளிக்கோ பிறர்க்கோ கேடு விளையும் இடத்தில் அதனைச் சொல்லாதே என்பது. இக்காலத்தில் நோயாளியின் உரிமையைக் கருதி இரண்டாவதை அப்படியே ஏற்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்வார்கள், அதுவும் நியாயமே. எந்தப் பெயரால் சத்தியம் செய்தாலும், கட்டிலருகே சென்றபின் என்ன பேசுவது என்ற இடம் காலியாகவே இருக்கிறது.

திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் ஸந்நிதியை ஸேவித்திருப்பீர்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்விடத்தில், வீரராஜேந்திர சோழனுடைய நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. 1068ஆம் ஆண்டை ஒட்டியது. கோயிலைச் சார்ந்து வேதமும் வியாகரணமும் கற்பிக்கும் சாலை, மாணவர் விடுதி, இவற்றோடு வீரசோழன் என்ற பெயரால் பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலசாலை! கோதண்டராம அச்வத்தாம பட்டன் என்ற வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்கு இன்ன அளவு நெல், இன்ன காசு என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு: வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, கல்யாண லவணம், புராணகிருதம் என்று அது நீள்கிறது.

அப்பட்டியலை அடியேன் படித்தபோது ஒன்று மனத்தில் தைத்தது. பெருமாள் கோயிலின் ஆதுலசாலை, சில அடி தூரத்தில் ஸந்நிதி, தினமும் தீர்த்தம், துளசி, சடாரி எல்லாம் உண்டு. ஆயினும் மருந்துப் பட்டியலில் மருந்துகளே இருக்கின்றன. தீர்த்தத்தை அதில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு அதன் பெருமையை அவர்கள் தாழ்த்தவில்லை என்று கொள்ளலாம். கட்டிலில் கிடந்தவனுக்கு இரண்டும் எட்டும் தூரத்தில் இருந்தன, அதுதான் ஏற்பாடு.

இனி அத்தையின் விஷயத்துக்கு வருவோம். மூன்றாம் நாள் இரவு, வார்டில் முறைப்பணியில் இருந்த ஒரு ஹவுஸ் சர்ஜன், இருபத்து நான்கு வயதிருக்கும், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலருகே அமர்ந்தான். நின்றுகொண்டு பேசுகிற மருத்துவர்களையே அதுவரை பார்த்திருந்த அத்தை திரும்பிப் பார்த்தாள்.

“பாட்டி, உங்களுக்கு ஆபரேஷன்னா பயமா இல்லை, வேறே ஏதோ இருக்கு. என்னன்னு சொல்லுங்கோ. நான் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்.”

அவள் சற்று நேரம் பேசவில்லை. அவனும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “போறதுக்குப் பயமில்லேடா குழந்தே. மயக்க மருந்து கொடுத்துடறேள். அப்படியே போயிட்டா, கடைசி நேரத்திலே பெருமாள் நினைப்பு இருக்காதே. எழுபது வருஷமா நினைச்சதெல்லாம் அந்த ஒரு க்ஷணத்துக்காகத்தானே?”

அந்திமஸ்மிருதி! அறுவையை அவள் மறுத்ததற்கு இதுவே காரணம். எக்ஸ்ரேயிலும் இரத்தப் பரிசோதனையிலும் இது தெரியுமா? வீட்டு மனிதர்களாகிய எங்களிடம்கூட அவள் சொல்லவில்லை, நாங்களும் ‘பயப்படாதே’ என்று சொன்னோமேயன்றி எதற்குப் பயம் என்று கேட்கவில்லை. அப்பிள்ளை வைஷ்ணவன் அல்லன். ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது பாட்டி’ என்று தட்டிக்கொடுத்து எழுந்துவிடவும் இல்லை, வேதாந்தம் பேசவும் இல்லை. இரண்டு காரியங்கள் செய்தான். முதலில், மயக்கவியல் மருத்துவரை அழைத்துவந்தான். முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து இவ்வறுவையை நடத்தலாம், நினைவு தப்பாது என்று அவர் கூறினார். ‘ஆனால் நடுவில் தேவைப்பட்டால் முழு மயக்கமும் கொடுக்க நேரலாம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்’ என்றும் ஒளிக்காமல் கூறினார். அடுத்து அப்பிள்ளை அத்தையிடம், “அப்படி நேர்ந்தா என்ன ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. இதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவா உங்களுக்கு யாராவது இருக்காளா? நான் உள்ளே விடச் சொல்றேன்” என்றான்.

மறுநாள் காலை, பார்வையாளர் நேரம் அல்லாத நேரத்தில், எங்கள் எதிர்வீட்டு ஸ்வாமி வந்தார். எண்பது வயதானவர், ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபம் செய்தவர். கட்டிலருகே அதே ஸ்டூலில் அமர்ந்தார். வராஹ சரமச்லோகத்தின் அர்த்தத்தைச் சொன்னார். உடலும் மனமும் நன்றாயிருக்கும் காலத்தில் தன்னை நினைத்தவன், கடைசியில் கட்டையும் கல்லும் போல உணர்வற்றுக் கிடக்கும்போது அவனை நினைக்கும் பொறுப்பு தன்னுடையது என்று எம்பெருமான் பூமிப்பிராட்டியிடம் வாக்களித்திருப்பதையும், அந்திமஸ்மிருதி உபாஸகனுக்கு வேண்டுமேயன்றிச் சரணாகதி செய்தவனுக்கு அது நிபந்தனை ஆகாது என்பதையும் நிதானமாக எடுத்துரைத்தார். அத்தை அறியாததன்று. எத்தனையோ முறை கேட்டிருப்பாள். மருந்து நெடியின் நடுவே, அருகில் அமர்ந்து ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

கேட்டுவிட்டு, “பேனாவைக் கொண்டா” என்றாள்.

முதுகில் போட்ட ஊசியோடே அறுவை முடிந்தது. முழு மயக்கம் தேவைப்படவில்லை. திருமண் காப்பைத் துடைக்காமல் விட்டார்கள். அதன்பின் நான்காண்டுகள் கைத்தடியோடு நடமாடினாள்.

தையல் பிரிக்கப் போனபோது அந்தப் பிள்ளையை விசாரித்தோம். வேறு வார்டுக்கு மாறியிருந்தான், தேடிப் பிடித்தோம். “இப்படிக் கேட்க உனக்கு யாரப்பா சொல்லிக் கொடுத்தா?” என்று அத்தை வினவினாள். வகுப்பில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றும், வலிதணிப்பு வார்டில் இரண்டு வாரம் பணியிட்டிருந்தபோது, அங்கிருந்த ஒரு மருத்துவர் எப்போதும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டே நோயாளியிடம் பேசுவதைப் பார்த்ததாகவும் சொன்னான். இரண்டு வாரப் பணியை அவன் கூடப் படித்தவர்கள் பலர், பரீக்ஷைக்குப் படிக்கும் விடுமுறையாகக் கழித்துவிட்டார்களாம்.

வீடு திரும்பிய பின் மருத்துவமனைக் காகிதங்களை ஒழுங்கு செய்கையில், கேஸ் ஷீட்டின் நகலைப் புரட்டினேன். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சர்க்கரை, உப்பு எல்லாம் நாள்தோறும் வேளைதோறும் குறிக்கப்பட்டிருந்தன. அந்த மூன்றாம் நாள் இரவுக்கு எதிரே ஒரே ஒரு வரி இருந்தது: ‘நோயாளிக்கு அச்சம். எடுத்துச் சொல்லப்பட்டது. சம்மதித்தார்.’